கவரிமாவைக் கண்டேன்

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் கொழும்பிலே ஓர் அரசினர் பாடசாலையில் இளம் ஆசிரியனாகக் கடமையாற்றி வந்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பிற்குத் திருக்குறள் கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடம் மானம் என்னும் அதிகாரம். அதிலே 969ஆம் குறளிற் கவரிமா உவமையாக வருகிறது. தன் மயிரில் ஒன்று நீங்கினாலும் உயிர் வாழாத விலங்கு கவரிமா. அதனைப் போன்ற மானமுடையோர், மானம் அழிய நேருமாயின் உயிரையே விட்டுவிடுவர் என்று பொருள் விரித்தேன். அத்துடன் நில்லாமல் கரும்பலகையில் ஒரு மானையும் வரைந்து காட்டினேன். கிளைத்த கொம்பும், மெலிந்த காலும், மருண்ட விழியுமாக அந்த மான் வெகு அழகாக அமைந்துவிட்டது. எனக்குச் சித்திரக் கலையில் ஓரளவு பயிற்சி உண்டு. அன்றைக்கு அதுவே எனக்குப் பகையாயிற்று.

கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து நின்றான்.

“சேர், இந்தக் கவரிமான் தெகிவளையில நிற்குதா?” என்று கேட்டான்.

தெகிவளை மிருகக்காட்சிச்சாலையை அவன் கருதினான். அவன் வெள்ளவத்தைப் பிள்ளை; தெகிவளை அவனுக்கு அயலூர். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கோ கோபம் வந்தது. விடை தெரியாத ஆசிரியனுக்கு முதலில் வருவது கோபந்தான் என்பதை இத்தனை ஆண்டுகளின் பின்னர்க் கூச்சமின்றிச் சொல்ல முடிகிறது. “திருக்குறளும் மிருகக்காட்சிச்சாலையும் உனக்கு ஒன்றா?” என்று அதட்டி, பாடவேளை முடியுமட்டும் அவனை நிற்கவைத்தேன். அவன் கேட்டதில் என்ன பிழை? ஒரு விலங்கின் பெயரை நான் சொன்னேன். அது எங்கே நிற்கிறது என்று அவன் கேட்டான். அவ்வளவே.

அந்தக் கேள்விக்குரிய விடையை நான் கண்டது 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், நேபாள நாட்டின் வடபுறத்து மலைச்சரிவொன்றில், மூச்சு வாங்க நின்றபோதுதான். அதைப்பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

யாத்திரையைத் திட்டமிட்டவன் நான் அல்லன். வெள்ளவத்தையிலே எங்கள் ஒழுங்கையில் வாழும் ஓய்வூதியர் சிலர் முக்திநாத் தரிசனத்துக்குப் புறப்பட்டனர். வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய சாளக்கிராமம் இத்தலமே என்பர், திருமங்கையாழ்வாராற் பாடப்பெற்றது. நான் சைவன். ஆயினும் என் மனைவியார் தமக்கும் எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டார். இவ்விதமாகப் பதினான்கு பேர் கொழும்பிலிருந்து தில்லி வழியாகக் காத்மண்டு போய்ச் சேர்ந்தோம்.

காத்மண்டு நகரைப்பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. போய்வந்தோர் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு ஏப்ரில் மாதப் பூகம்பத்தில் இடிந்த கோயில்கள் பலவற்றைப் பழைய முறைப்படியே செங்கல்லாலும் செதுக்கிய மரத்தாலும் மறுபடி எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். பசுபதிநாதர் கோயிலில் மூலமூர்த்தியைத் தொட்டுப் பூசிக்கும் பட்டர்கள் தென்னாட்டிலே கருநாடகத்திலிருந்து செல்பவர்கள் என்று கேட்டு எங்கள் குழுவினர் பெருமகிழ்வு எய்தினர். எனக்கு அங்கே கிடைத்தது வேறொன்று. கோயிற்புறத்திலே தேநீர் அருந்திக் காசு கொடுத்தேன். மீதியாக ஓர் ஐந்து ரூபாய்த் தாள் வந்தது. அதிலே பனிமலையின் படம். கீழே எருது போன்ற ஒரு விலங்கு. உடலெல்லாம் தொங்கும் மயிர், குதிரைக்கு இருப்பது போன்ற வால். “யாக்” என்றான் கடைப்பையன்.

யாக் என்ற சொல் எனக்குப் புதிதன்று. ஆங்கில அரிச்சுவடியிலே ‘வை’ என்னும் எழுத்துக்கு இந்த விலங்கைத்தான் எப்போதும் போடுவார்கள். என் பிள்ளைகள் இருவருக்கும் நானே அதைக் காட்டிக் கற்பித்திருக்கிறேன். ஆயினும் ஆங்கிலப் புத்தகத்து யாக் ஓர் அறையிலும் திருக்குறட் கவரிமா வேறோர் அறையிலுமாக என் மனத்திலே தனித்தனியே வாழ்ந்துவந்தன. இரண்டு அறைகளுக்கும் இடையே கதவொன்று உண்டு என்று நான் நினைத்ததேயில்லை. அன்றும் நினைக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பொக்கரா என்னும் ஏரிக்கரை நகரிலிருந்து ஜொம்சொம் என்னும் ஊருக்குச் சிறிய விமானங்கள் காலை வேளையிற் பறக்கின்றன. நண்பகலாயின் அப்பள்ளத்தாக்கில் எழும் காற்று விமானத்தை இறங்க விடாது. ஒருபுறம் 8,167 மீற்றர் உயர்ந்த தவளகிரி. மறுபுறம் 8,091 மீற்றர் உயர்ந்த அன்னபூர்ணா. இரண்டுக்கும் நடுவே காளிகண்டகி ஆறு அறுத்துச் சென்ற பிளவிலே விமானம் புகுந்து போகிறது. வானூர்தியில் இருந்துகொண்டு மலையை அண்ணாந்து பார்ப்பது எனக்கு அன்றே முதல் அநுபவம். மலைத்தொடருக்குத் தெற்கே அடர்ந்த பசுங்காடு. வடக்கே இறங்கினாலோ மழை எட்டிப் பாராத வறண்ட பூமி. மன்னார்ப் பக்கத்து வறட்சியை அறிந்தவன் நான். அங்கே வெயில் மண்ணை வறுக்கும். இங்கே குளிரும் காற்றுமே அந்த வேலையைச் செய்கின்றன.

காளிகண்டகியின் படுகையிலேதான் சாளக்கிராமக் கற்கள் கிடைக்கின்றன. உருண்டு கறுத்த கல்லைப் பிளந்தால் உள்ளே சக்கரம் போன்ற சுருள் தெரியும். நம் கணவாய்க்குத் தூரத்து உறவான, ஓடுடைய ஒருவகைக் கடலுயிரின் வடிவம் அது என்று நிலநூலார் கூறுவர். பதினான்கு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அவ்விடத்திலே கடல் இருந்தது. இந்திய நிலம் வடக்கே நகர்ந்து ஆசியாவோடு முட்டியபோது அந்தக் கடலடிச் சேறே மடிந்து உயர்ந்து இமயமாயிற்று. எங்கள் குழுவில் எண்பது வயது மூதாட்டியார் ஒருவர் இருந்தார். நான் இதைச் சொன்னபோது, “கடலில் இருந்தவர் மலைக்கு வந்தார் என்றுதானே நாங்களும் சொல்கிறோம், தம்பி!” என்றார். பாற்கடலை அவர் கருதினார். நான் மேலே பேசவில்லை.

முக்திநாத் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் பிதுருதலாகலை மலையின் உச்சியில் இன்னொரு மலையை வைத்தாற் போன்ற உயரம். கோயிலின் பின்புறச் சுவரிலே நூற்றெட்டுத் தாரைகள் விழுகின்றன. திருமாலாக நாம் வணங்கும் மூர்த்தியை அங்குள்ள பௌத்தர் அவலோகிதேசுவரராக வணங்குகின்றனர். சந்நிதியிலே தொண்டு செய்வோர் பௌத்தத் துறவுப் பெண்கள். அருகிலே மற்றொரு சிறு கோயிலில், நீர் ஓடும் பாறையின் இடுக்கிலிருந்து வரும் இயற்கை வாயு நீலச் சுடராக எரிகிறது. இரு சமயத்தாரும் ஒரே வாயிலால் நுழைந்து ஒரே நீரில் நனைந்து வெளியே வருவதை, இலங்கையிலிருந்து சென்ற நாங்கள் சற்று அதிகநேரம் நின்றே பார்த்தோம்.

மறுநாட் காலை மற்றையோர் ஓய்வெடுத்தனர். நான் எங்கள் வழிகாட்டியாகிய இளைஞரோடு கோயிலுக்கு மேலே கிழக்கு நோக்கிச் செல்லும் பாதையில் நடந்தேன். அது 5,416 மீற்றர் உயரமுள்ள தோரொங் கணவாய்க்கு ஏறும் பாதை. கணவாயை எட்டும் எண்ணம் எனக்கு இல்லை. இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கும் ஒருவனுக்கு அந்த எண்ணம் வரவும் வராது. வானத்திலே பிணந்தின்னிக் கழுகு ஒன்று சிறகசையாமல் வட்டமிட்டது. எதிர்ச்சரிவிலே கல்லோடு கல்லாகச் சில உருவங்கள் அசைந்தன. இமயத்து நீல ஆடுகள் என்று வழிகாட்டி சொன்னார். அவற்றை உண்டு வாழும் பனிச்சிறுத்தையும் அப்பக்கத்தில் உண்டு, ஆனால் அது உங்களைப் பார்க்கும், நீங்கள் அதைப் பார்க்க மாட்டீர்கள் என்றார். அப்பிரதேசம் முழுவதும் அன்னபூர்ணாப் பாதுகாப்பு வலயத்தினுள் அடங்கும். நேபாளத்துப் பாதுகாப்பு வலயங்களுள் அதுவே பெரியது. பரப்பு 7,629 சதுரக் கிலோமீற்றர்.

ஏறத்தாழ இரண்டு மணிநேரம் நடந்திருப்போம். பாறைக்கு அப்பாலிருந்து உறுமல் ஒன்று கேட்டது. பன்றியோ என்று திகைத்தேன். பாறையைச் சுற்றி வந்தபோது எட்டு ஒன்பது விலங்குகள் மேய்ந்துகொண்டு நின்றன. ரூபாய்த் தாளிற் கண்ட அதே விலங்கு. படத்திலே அதன் பருமை தெரிவதில்லை. முன்தோளிலே திமில் போன்ற மேடு. தலை தாழ்ந்து தொங்குகிறது. கொம்பு பக்கவாட்டில் விரிந்து மேல்நோக்கி வளைகிறது. வயிற்றின் இருபுறமும் முழங்காலுக்குக் கீழ்வரை கறுத்த மயிர் பாவாடை போல இறங்கி, நடக்கும்போது அசைகிறது. நம் மாடு போல அது கதறுவதில்லை, உறுமுகிறது. விலங்கு நூலார் இட்ட இலத்தீன் பெயருக்கும் உறுமும் எருது என்றே பொருள். ஒன்று மட்டும் வெண்மையும் சாம்பலும் கலந்த நிறம். அது எங்களைக் கண்டதும் வாலைத் தூக்கிச் சுழற்றியது. பட்டுக் குஞ்சம் போன்ற அந்த வாலைக் கண்டபோது, இதை எங்கோ மிக அருகிற் பார்த்திருக்கிறேன் என்ற ஓர் உணர்ச்சி எழுந்தது. எங்கே என்பதுதான் பிடிபடவில்லை.

மேய்ப்பவர் என் வயதினர். எங்கள் வழிகாட்டி நேபாள மொழியிலே அவரோடு பேசினார். பேச்சுக்கிடையே ஒரு சொல் என் காதிலே பட்டது. மறுபடியும் பட்டது. ‘சௌரி.’

என்ன சொல்கிறார் என்று கேட்டேன். யாக் என்பது ஆண் விலங்கை. இவ்வினத்துப் பெண்ணையும், பசுவோடு கலந்து பிறந்த பெண்ணையும் சௌரி என்பார்கள் என்று வழிகாட்டி விளக்கினார். பால் தருவது சௌரியே. யாக்குப் பால் வேண்டும் என்று கேட்கும் வெளிநாட்டாரைப் பார்த்து இவர்கள் சிரிப்பார்களாம்.

நேயர்களே, சவரி என்னும் சொல்லை நீங்கள் அறிவீர்கள். மணப்பெண்ணுக்குப் பின்னல் நீளவேண்டும் என்று வைத்துப் பின்னுவார்களே, அரங்கேற்றத்துக்கு நிற்கும் பிள்ளைக்குக் கூந்தலோடு சேர்த்துக் கட்டுவார்களே, அந்தச் சவரி. வெள்ளவத்தையிலே காலி வீதிக் கடைகளில் தொங்குவது. வடமொழியில் இந்த விலங்கின் பெயர் சமரி. அதன் வால்மயிராற் செய்த விசிறி சாமரம். சமரியே தமிழிலே சவரி என்று திரிந்து, முதலில் வாலையும் பின்னர் வால்போன்ற பொய்க்கூந்தலையும் குறித்தது. நேபாள மொழியிலே சௌரி ஆயிற்று. நம் பழந்தமிழ்ப் புலவர் வாயில் அதுவே கவரி. அந்த மலைச்சரிவிலே, குளிரிலே, மூடியிருந்த கதவு திறந்தது. கொட்டாஞ்சேனையிலே பொன்னம்பலவாணேசர் கோயில் திருவிழாவில், என் தகப்பனாரின் தோள்மீது அமர்ந்து நான் பார்த்த வெண்சாமரத்தின் மயிர்தான் எதிரே அசைந்துகொண்டிருந்தது. நான் கரும்பலகையில் வரைந்த மான் எங்கும் இல்லை.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிறுவனின் நினைவு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

மேய்ப்பரிடம் ஒரு கேள்வி கேட்குமாறு வழிகாட்டியை வேண்டினேன். “இதன் மயிர் நீங்கினால் இது இறந்துபோகுமா?” வழிகாட்டி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார். மேய்ப்பர் வாய்விட்டுச் சிரித்தார். ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் மயிரைக் கத்தரித்து எடுப்பதாகவும், நீண்ட மயிரிலே கயிறும் கூடாரத் துணியும் செய்வதாகவும், அடியிலுள்ள மென்மயிரைச் சீவி எடுத்துக் கம்பளத்துக்குப் பயன்படுத்துவதாகவும் கூறினார். இறப்பதாவது! சற்றுப் பொறுத்து, சிரிப்பு அடங்கிய பிறகு, இன்னொன்றும் சொன்னார். பனிக்காலம் வரும் நேரத்தில் மயிரை எடுத்தால் அது பிழைக்காது; எந்த மூடனும் அப்போது கத்தரியைத் தொடமாட்டான்.

குறளாசிரியர் இதைக் கருதித்தான் பாடினார் என்று சாதிக்க எனக்குத் துணிவில்லை. அப்படிச் சாதிப்போர் உண்டு. குளிர்நாட்டு விலங்கின் உயிர் மயிரிலே இருக்கிறது என்பது அறிவுக்கு இசைந்த விளக்கமே. ஆனால் கவரி தன் வாலைக் காக்க உயிரையும் கொடுக்கும் என்பது பாரதநாடு முழுவதும் வழங்கிய பழைய நம்பிக்கை. வள்ளுவர் அதனைக் கேள்வியால் அறிந்து எடுத்தாண்டார் என்றே நான் எண்ணுகிறேன். அதனால் குறளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை உவமையிலே இல்லை; உவமைக்குப் படம் போட்டவனிடம் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் நூல்களைப் புரட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது: எல்லாம் என் வீட்டு அலுமாரியிலேயே இருந்தன. புறநானூற்றில் 132ஆம் பாட்டு, ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடியது. நரந்தம் என்னும் மணப்புல்லை மேய்ந்த கவரி சுனைநீர் குடித்துத் தன் துணையோடு நிழலிலே தங்கும் இடமாக இமயத்தைக் காட்டுகிறார் புலவர். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்திலே குமட்டூர்க் கண்ணனார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். இமயச்சாரலில் உறங்கும் கவரி, தான் மேய்ந்த நரந்தத்தையும் விளங்கும் அருவியையும் கனவு காண்கிறதாம். அந்தப் பாட்டின் தலைவன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். ஆக, கவரியின் வீடு இமயம் என்று இரண்டு புலவரும் எழுதிவைத்திருக்கிறார்கள். முகவரியைப் படித்துவிட்டு ஆளைத் தேடாமல் இருந்தவர்கள் நாம்.

கவரி எவ்வாறு மானாயிற்று? ‘மா’ என்றால் விலங்கு. கவரிமா என்பது கவரியாகிய விலங்கு; ஓர் எழுத்துச் சேர்ந்ததும் மானாகிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வேரோ அதனினும் ஆழத்திலே இருக்கிறது. தொல்காப்பியத்து மரபியல், விலங்குகளின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வழங்கும் பெயர்களை வகுக்கிறது. அங்கே பிணை என்னும் பெண்பாற் பெயர் புல்வாய், நவ்வி, உழை ஆகிய மானினங்களோடு கவரிக்கும் உரியதென்று விதி செய்யப்பட்டிருக்கிறது. முடமோசியாரும் கவரியின் துணையைப் பிணை என்றே சொல்கிறார். பெண்ணைப் பிணை என்றால், கேட்பவன் மனத்திலே தோன்றுவது மான் அல்லாமல் வேறென்ன? இமயத்தைக் காணாத நாட்டிலே, கவரி மெல்ல மெல்லக் கால் மெலிந்து, உடல் சிறுத்து, கொம்பு கிளைத்து மானாகிவிட்டது. என் தவற்றுக்கு இரண்டாயிரமாண்டுத் துணை உண்டென்று எண்ணிச் சற்று ஆறுதலடைந்தேன்.

இன்னுமொரு துணை எதிர்பாராத இடத்திலே கிடைத்தது. அதிபர்களின் கூட்டமொன்றில் என் அருகே அமர்ந்த சிங்கள நண்பரிடம் இக்கதையைச் சொன்னேன். அவர் பாளி கற்றவர். “எங்களுக்கும் அது மான்தான், செமர முவா என்போம்” என்றார். முவா என்றால் மான். பின்னர் அவரே எடுத்துக் காட்டினார். ஐந்தாம் நூற்றாண்டிலே அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கத்தில், ஒரு பறவை தன் முட்டையைக் காப்பதுபோல, கவரி தன் வாலைக் காப்பதுபோல, துறவி தன் சீலத்தைக் காக்கவேண்டும் என்று வருகிறது. புத்தவம்சத்திலோ, வால் எதிலேனும் சிக்கிக்கொண்டால் கவரி அதைப் பிய்த்துக்கொண்டு ஓடாமல் அங்கேயே நின்று உயிர்விடும் என்று இருக்கிறது. வள்ளுவர் மானத்துக்குச் சொன்னதைப் பாளி நூலார் சீலத்துக்குச் சொன்னார்கள். யாரிடமிருந்து யார் பெற்றார் என்ற ஆராய்ச்சியில் நாங்கள் இருவரும் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் கூட்டம் முடிந்திராது. காளிதாசர் ஒருவர்தாம் வாலுக்காக உயிரை விடும்படி கவரியை வற்புறுத்தவில்லை. குமாரசம்பவத்திலே கவரிகள் வாலை வீசி, இமயத்துக்கு மலையரசன் என்ற பெயரைப் பொருளுடையதாக்குகின்றன.

வால் எவ்வாறு கொட்டாஞ்சேனை வரை வந்தது என்பதும் அறியத் தக்கது. காளிகண்டகிப் பள்ளத்தாக்கு நெடுங்காலமாக வாணிகப் பாதை. திபெத்திலிருந்து உப்பும் கம்பளி மயிரும் இறங்கும். தெற்கிலிருந்து தானியம் ஏறும். தக்காலி என்னும் மலைநாட்டு வணிகர் அதனை நடத்தினர். வெண்கவரி வாலும் இமயத்துக் கணவாய்கள் வழியே இந்தியச் சந்தைகளுக்கு இறங்கி, அரசவைக்கும் கோயிலுக்கும் போயிற்று. கவரிகளிலே கறுப்பே பெரும்பான்மை. ஆதலால் வெள்ளை வாலுக்கு விலை அதிகம். ஒரு காலத்தில் அமெரிக்காவிலே நத்தார்த் தாத்தா வேடத்துக்குத் தாடி செய்யவும் திபெத்து வாலை வாங்கினார்களாம். முருகனுக்கு வீசியதும் நத்தார்த் தாத்தாவின் தாடியும் ஒரே விலங்கின் வால் என்று எண்ணிப் பாருங்கள்! இன்று பல கோயில்களில் நைலோன் இழைச் சாமரமே வீசப்படுகிறது. அதற்காக நான் வருந்தவில்லை.

வருத்தம் வேறொன்றிலே. வீட்டுக் கவரிக்கு மூதாதையாகிய காட்டுக் கவரி நேபாளத்தில் அற்றுப்போயிற்றென்றே கருதப்பட்டது; 2014ஆம் ஆண்டில் வடமேற்கிலே ஹும்லா மாவட்டத்தில் மறுபடி காணப்பட்டது. அது நற்செய்தி. ஆனால் மேய்க்கும் கவரிக்கு மேய்ப்பவர் இல்லை. நாங்கள் கண்ட மனிதருக்கு இரண்டு ஆண்மக்கள். இருவரும் கட்டாரிலே கட்டிட வேலை. நாலாயிரம் மீற்றர் உயரத்துக் குளிரிலே பிறந்து வளர்ந்தவர்கள், பாலைவனத்து வெயிலிலே நிற்கிறார்கள். “நான் கண்ணை மூடினால் இவற்றை விற்றுவிடுவார்கள்” என்று அவர் சொன்னதை வழிகாட்டி மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார். நான் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். தந்தையைத் தொலைபேசியிலே மட்டும் அறிந்த பிள்ளைகள் எங்களிடமும் பலர்.

அதிபரான பின்னர் நான் வகுப்பறையிலே பாடம் நடத்துவது அரிது. திரும்பிவந்த வாரத்தில் எட்டாம் வகுப்பின் தமிழாசிரியையிடம் அனுமதி பெற்று ஒரு பாடவேளையை எடுத்துக்கொண்டேன். அதே அதிகாரம், அதே குறள். கரும்பலகை போய் வெண்பலகை வந்துவிட்டது. அதிலே கவரிமாவை வரைந்தேன். தாழ்ந்த தலை, விரிந்த கொம்பு, தரையை நோக்கித் தொங்கும் மயிர். முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி, “சேர், இது வடிவா இல்லையே. எங்கட புத்தகத்தில மான்தான் வடிவு” என்றாள். வடிவில்லைத்தான். ஐந்து ரூபாய்த் தாளை வகுப்பிலே கைக்குக் கை அனுப்பினேன். அது கசங்கித் திரும்பி வந்தது.

அந்தச் சிறுவன் இப்போது நாற்பது வயதைக் கடந்திருப்பார். குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனதாகக் கேள்வி; எந்த நாடென்று சொல்லக்கூடியவர் ஒருவரையும் நான் காணவில்லை. அவர் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. வானொலியிலே சொல்வது முறையன்று. தம்பி, இவ்வொலிபரப்பு உமது காதில் விழுமாயின் கேட்டுக்கொள்ளும்: கவரிமா நிற்குமிடம் முக்திநாத் கோயிலுக்கு மேலே, கிழக்கே கணவாய்க்கு ஏறும் பாதையில், என்னைப்போல் நின்று நின்று நடந்தால் இரண்டு மணிநேரம். ஐப்பசியிலே போனால் காணலாம்.